கொடும்பாவியும் பயிற்றுவிப்பாளரும்

உதைபந்தாட்டக் கழகமொன்று தொடர்ந்து தோற்குமாயின், முதற்கண் விலக்கப்படுபவர் களத்திலே கால் வையாத பயிற்றுவிப்பாளரே. ஆடுவோர் அனைவரையும் ஒருங்கே நீக்குதல் உரிமையாளர்க்கு இயலாது. தம்மைத் தாமே நீக்கிக்கொள்வாரும் அரியர். ஆதலின் எஞ்சிய ஒருவர்மீதே பழி வீழ்கின்றது. ஐரோப்பாவிலே பெருகிய இவ்வழக்கம், நமக்கு அணித்தான சென்னையிலும் புகுந்துவிட்டது.

சென்னையின் எப்.சி. என்னும் கழகம் 2014 இல் தோன்றி, 2015 இலும் 2017-18 இலும் இந்தியன் சுப்பர் லீக் வாகை சூடியது. இரண்டாம் வாகையை ஈட்டித் தந்த ஜோன் கிரெகரி, அணி தளர்ந்தமையால் 2019 நவம்பரில் விலகினார். அவரையடுத்து வந்த ஓவன் கொயில் அவ்வணியையே 2020 மார்ச்சில் இறுதிப் போட்டிவரை உயர்த்தினார். மாற்றம் நன்மை தரும் என்பார்க்கு இது தக்க சான்றே. அதனை மறைத்தல் முறையன்று.

ஆயின் பின்னர் நிகழ்ந்தது யாது? கொயில் ஜாம்ஷெட்பூர் சென்றபின் சாபா லாஸ்லோ, போசிடார் பண்டோவிச், தோமஸ் பிரடாரிச் என மூன்று பருவங்களில் மூவர் வந்து போயினர். இவருள் பண்டோவிச் பருவம் முடியுமுன்னரே, 2022 பெப்ரவரியில் விலக்கப்பட்டார். அம்மூன்று பருவங்களிலும் கழகம் பெற்றது எட்டாம் இடமே. 2023 இல் கழகத்தார் கொயிலையே மீள அழைத்தனர். அவர்கீழ் அணி முதற்பருவத்தில் ஆறாம் இடம் பெற்று அடுத்த சுற்றுக்கு ஏறியது. மறுபருவத்தில் பதினொன்றாம் இடத்துக்கு இறங்கியது. 2025 இல் அவரும் நீங்கினார். ஒருவரே ஏற்றமும் இறக்கமும் கண்டார் எனின், காரணம் முழுவதும் அவரிடத்தே உளது என்று கொள்வது எங்ஙனம்?

நெதர்லாந்தின் 1986 முதல் 2004 வரையான ஆட்டங்களைப் பொருளியலறிஞர் பாஸ் தெர் வேல் ஆராய்ந்தார். பயிற்றுவிப்பாளரை விலக்கிய அணிகள் பின்னர்த் தேறின. அதேபோலத் தளர்ந்தும் விலக்காதிருந்த அணிகளும் அவ்வாறே தேறின என்பது அவர் கண்ட முடிவு. வறட்சிக் காலத்திலே கொடும்பாவி கட்டி இழுப்பர். சின்னாளில் மழை பெய்யும். இழுத்தமையாற் பெய்தது என்பர். இழாத ஊரிலும் பெய்தமையை எண்ணிப் பாரார்.

இங்கிலாந்திலே லெஸ்ரர் சிற்றிக்கு 2016 இல் வாகை ஈட்டித் தந்த ரானியேரி, ஓராண்டு நிறையுமுன், 2017 பெப்ரவரியில் விலக்கப்பட்டார். மான்செஸ்ரர் யுனைற்றெட்டுக்கு 1986 இல் வந்த அலெக்ஸ் பேர்குசனோ, முதற்கிண்ணம் வெல்ல 1990 வரையும், லீக் வாகை சூட 1993 வரையும் காத்திருந்தார். 2013 இல் ஓய்வு பெறுமுன் பதின்மூன்று லீக் வாகைகள் ஈட்டினார். மூன்றாம் ஆண்டிலே அவர் விலக்கப்பட்டிருப்பின், அவர் ஆற்றலை அக்கழகம் அறிந்திராது.

ஆட்ட நுணுக்கம் யான் அறியேன். பயிற்றும் தொழிலை அறிவேன். பயிலுதல் என்னுஞ் சொல்லுக்கே அடுத்தடுத்து நிகழ்தல் என்னும் பொருள் உண்டு. பயிற்றுவோன் பயனை ஒரு பருவத்தில் அளத்தல், நட்ட பனங்கொட்டையை மறுநாள் தோண்டிப் பார்ப்பதை ஒக்கும். திருக்குறளிலே தெரிந்து தெளிதல் 51 ஆம் அதிகாரம். தெரிந்து வினையாடல் 52 ஆம் அதிகாரம். ஆராய்ந்து தெளிதல் முன்னும், வினையை ஒப்படைத்தல் பின்னும் நிற்கும் அம்முறை நோக்கத்தக்கது. இக்காலக் கழகத்தார் ஆராயாது ஒப்படைத்து, ஒப்படைத்தபின் ஐயுறத் தொடங்குகின்றனர்.

ஒழுக்கம் தவறியவரை ஒருநாளும் வைத்திருத்தல் வேண்டா. தோல்வி ஒன்றே குற்றமாயின், பொறுத்திருந்து காரணம் தேடுக. தீவகத்து இளைஞர் வெளிநாட்டுக் கழகங்களின் ஆட்டத்தைக் கண்டு கற்பது நன்றே. அவற்றின் அவசரத்தைக் கற்றல் தீது. ஊர்க்காவற்றுறையிலும் நயினாதீவிலும் மாலைப்பொழுதை ஈந்து, ஊதியமின்றிப் பயிற்றுபவரை ஒரு சுற்றுப்போட்டித் தோல்விக்காக விலக்கினால், அவ்விடத்துக்கு வர எவர் துணிவர்? நெடுந்தீவிலாயின், புதியவர் குறிகட்டுவானிலிருந்து கடல் கடந்தன்றோ வரல்வேண்டும்!