கணக்கில் வராதவர்

கொல்கத்தாவுக்கு நாலு நாள் போய் வந்தோம். "போன்ல இடமே இல்லை, வேண்டாததை அழிச்சுக் குடுங்க" என்றார் மனைவி. 412 படங்கள். பி.காம். புத்தி, கணக்குப் பார்த்தேன். ஹௌரா பாலத்தோடு நான். 1921-ல் திறந்த விக்டோரியா நினைவு மண்டபத்தின் முன் பிள்ளைகள். சிலையாக உட்கார்ந்திருக்கும் விக்டோரியா ராணிகூட 14 படங்களில் இருக்கிறார். என் மனைவி? மூன்றே மூன்று. அதில் ஒன்று நான் எடுத்தது. பாதித் தலை இல்லை.

'பொம்பளைங்களுக்கு போட்டோ பைத்தியம் சார்' என்று சிரிக்கும் கணவர்களே, 'இங்கே நில்லுங்க' என்றதும் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றது யார்? ஒரு ரோலில் 36 படம்தான் என்ற காலத்தில் சிக்கனம் என்று சாக்கு சொன்னோம். இப்போது என்ன சாக்கு?

என் அம்மா இறந்தபோது மாலை போட ஒரு படம் இல்லை. யாருடைய கல்யாண குரூப் போட்டோவிலிருந்தோ வெட்டிப் பெரிதாக்கினோம். வீட்டில் கேமரா இருந்தது. அம்மாவை எடுக்கணும் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

பைசா செலவில்லை. கையை நீட்டி 'குடு, நீ போய் நில்லு' என்றால் போதும். அடுத்த டூர் வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கு, வீட்டு வாசலிலேயே ஆரம்பிக்கலாம்.