தபால்தலை திருடனைத் தடுக்காது

'ஸ்பேம்' எனப்படும் குப்பை மின்னஞ்சலை ஒழிக்க ஒரு யோசனை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உயிரோடு இருக்கிறது. பிட்காயின் புகழ்பெற்ற பிறகு அதற்குப் புது மவுசும் வந்திருக்கிறது. மடல் அனுப்புகிறவரின் கணினி முதலில் ஒரு புதிரை விடுவிக்க வேண்டும். அந்த உழைப்புக்கான சான்றை மடலோடு இணைக்க வேண்டும். சான்றில்லாத மடலைப் பெறுகிறவரின் சர்வர் வாசலிலேயே திருப்பிவிடலாம். காசு கேட்கவில்லை, கணினியின் நேரத்தைத்தான் கேட்கிறோம் என்பது இதன் கவர்ச்சி. ஆனால் மின்னஞ்சலில் இது பலிக்காது. குற்றவாளியை விட்டுவிட்டு எளியவர் மீதே சுமை விழும்.

யோசனையை முன்வைத்தவர்களைக் குறைசொல்ல முடியாது. கணினி அறிவியலாளர்கள் சிந்தியா டுவொர்க்கும் மோனி நாவோரும் 1992-இல் இதை எழுதியபோது பொதுமக்களில் பெரும்பாலோருக்கு மின்னஞ்சல் முகவரியே கிடையாது. நோயின் வேர் பணக்கணக்கில் இருக்கிறது என்பதை அவர்கள் அப்போதே கண்டுகொண்டார்கள். ஒரு மடல் அனுப்பவும் ஒரு கோடி மடல் அனுப்பவும் ஏறக்குறைய ஒரே செலவு என்றால், யாருக்கும் ஒரு கோடி அனுப்பத்தான் தோன்றும். 1997-இல் ஆடம் பேக் இதை 'ஹேஷ்கேஷ்' என்ற நடைமுறைக் கருவியாக்கினார். பெறுகிறவரின் முகவரி, தேதி ஆகியவற்றோடு ஓர் எண்ணைச் சேர்த்து ஹேஷ் போட வேண்டும், அதாவது முன்கூட்டி ஊகிக்க முடியாத விடையைத் தரும் ஒரு கணக்கீட்டில் இட வேண்டும். விடையின் முதல் 20 பிட்டுகளும் பூஜ்யமாக வரும்வரை எண்ணை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். சராசரியாகப் பத்து லட்சத்துக்குச் சற்று அதிகமான முயற்சிகள் தேவைப்படும். பெறுகிறவர் ஒரே ஒரு முறை ஹேஷ் போட்டுச் சரிபார்த்துவிடலாம். அழகான கணிதம்தான். 2008-இல் வெளிவந்த பிட்காயின் கட்டுரையில் சதோஷி நகமோட்டோ ஆடம் பேக்கின் இந்த வேலையைத்தான் சுட்டினார்.

மைக்ரோசாஃப்ட் தன் ஆய்வுத் திட்டத்துக்கு 'பென்னி பிளாக்' என்றே பெயர் வைத்தது. 1840-இல் பிரிட்டன் வெளியிட்ட முதல் தபால்தலையின் பெயர் அது. அதற்கு முன்பு கடிதத்துக்கான கட்டணத்தைப் பெரும்பாலும் பெறுகிறவரே கட்டி வந்தார். தபால்தலை அந்தச் சுமையை அனுப்புகிறவர் பக்கம் திருப்பியது. மின்னஞ்சலிலும் அப்படியே செய்துவிடலாம் என்ற நம்பிக்கை இருந்தது. 2004 ஜனவரியில் டாவோஸில் பேசிய பில் கேட்ஸ், இன்னும் இரண்டே ஆண்டுகளில் ஸ்பேம் தீர்ந்துபோகும் என்றார். அவுட்லுக் 2007-இல் இத்தகைய கணக்கீட்டு முத்திரை சேர்க்கப்பட்டது. ஆனால் அது பரவவில்லை.

இந்த யோசனைக்குச் சாதகமான வலுவான ஆதாரம் எதிரிகளின் கணக்கிலேயே கிடைக்கிறது. 2008-இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'ஸ்டார்ம்' என்ற பாட்நெட்டுக்குள், அதாவது தொலைவிலிருந்து இயக்கப்படும் கணினிகளின் கூட்டத்துக்குள் ஊடுருவி, மருந்து விற்கும் குப்பை மடல்களைப் பின்தொடர்ந்தார்கள். ஏறத்தாழ 35 கோடி மடல்கள் போயின. வாங்கும் கட்டம் வரை வந்தவர்கள் 28 பேர். இவ்வளவு மெலிந்த லாபத்தில் ஓடும் தொழிலை, மடலுக்கு ஒரு பைசா செலவு ஏற்றினாலே படுக்க வைத்துவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். ஆனால் அந்த 35 கோடி மடல்களும் எங்கிருந்து கிளம்பின? வைரஸ் புகுந்த அடுத்தவர்களின் கணினிகளிலிருந்து. மின்கட்டணமும் அவர்களுடையது, இணையக் கட்டணமும் அவர்களுடையது. அடுத்தவன் வண்டியை அடுத்தவன் பெட்ரோலில் ஓட்டுகிறவனுக்கு பெட்ரோல் விலை ஏறினால் என்ன, இறங்கினால் என்ன?

மடலுக்குப் பத்து நொடி உழைப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரு கணினியால் ஒரு நாளில் 8,640 மடல்களுக்கு மேல் அனுப்ப முடியாது. சொந்தக் கணினி வைத்துத் தொழில் செய்பவனுக்கு இது பேரிடி. ஒரு லட்சம் கணினிகளைக் களவாடி வைத்திருப்பவனுக்கோ நாளொன்றுக்கு 86 கோடி மடல்கள்! புதிரைக் கடுமையாக்கினால் நேர்மையானவர்கள் அடிபடுவார்கள். பென் லாரியும் ரிச்சர்ட் கிளேட்டனும் 2004-இல் ஒரு பெரிய இணையச் சேவை நிறுவனத்தின் மின்னஞ்சல் பதிவுகளை வைத்து இதைத்தான் காட்டினார்கள்: ஸ்பேமைத் தடுக்கும் அளவுக்குப் புதிர் கடினமானால், முறையாக மடல் அனுப்புகிறவர்களில் கணிசமானோர் இப்போது அனுப்பும் அளவுக்கு அனுப்ப முடியாமல் போகும்.

யார் அந்தக் கணிசமானோர்? சந்தாதாரர்களுக்கு இதழை மின்னஞ்சலில் அனுப்பும் சிறுபத்திரிகை. பெற்றோர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பும் பள்ளிக்கூடம். மலிவான கைபேசியை வைத்துக்கொண்டு வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர். புதுக் கணினிக்குப் பத்து நொடியாகும் புதிர், பழைய கைபேசிக்கு நிமிடக்கணக்கில் ஆகும், பேட்டரியும் காலியாகும். இதே புதிருக்கென்று தனிச் சில்லு செய்து வாங்கும் வசதியுள்ளவருக்கோ அது கண்சிமிட்டும் நேரம். பிட்காயின் தோண்டும் இன்றைய கருவிகள் நொடிக்கு நூறு லட்சம் கோடி ஹேஷ் போடுகின்றன. எல்லாருக்கும் ஒரே விலை என்று சொல்லி, ஏழையிடம் மட்டும் முழு விலை வாங்கும் ஏற்பாடு இது.

இதற்குப் பதில்கள் வராமலில்லை. சில்லின் வேகம் கைகொடுக்காதபடி நினைவகத்தை நம்பிய புதிர்களை 2003-லேயே ஆய்வாளர்கள் வடிவமைத்தார்கள். பணக்காரனுக்கும் ஏழைக்கும் உள்ள இடைவெளி அதனால் குறையும். ஆனால் களவாடிய கணினிக்கும் நினைவகம் உண்டே! அறிமுகமானவர்களுக்கு விலக்கு அளித்து, முன்பின் தெரியாதவர்களிடம் மட்டும் புதிர் கேட்கலாம் என்றார்கள் இன்னும் சிலர். இது கொஞ்சம் பொருத்தமான பேச்சு. ஆனால் யார் நம்பத்தக்கவர் என்று கணக்கு வைக்க ஆரம்பித்துவிட்டால், வடிகட்டும் வேலையை அந்தக் கணக்கே செய்துவிடுகிறது. புதிருக்கு அங்கே பெரிய வேலையில்லை.

ஸ்பேமுக்கு உண்மையில் அடி விழுந்த இடங்களைப் பார்த்தால் இது விளங்கும். 2008 நவம்பரில் கலிஃபோர்னியாவின் மெக்கோலோ என்ற நிறுவனத்தின் இணைய இணைப்பு துண்டிக்கப்பட்டது. பாட்நெட்டுகளை இயக்கிய சர்வர்கள் அங்கே இருந்தன. உலகின் குப்பை மடல் பாதிக்கும் கீழே சரிந்தது. சில மாதங்களில் திரும்பவும் ஏறியது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2011-இல் வெளியான இன்னோர் ஆய்வு பணம் போகும் வழியைத் தேடியது. அந்த ஆய்வாளர்கள் ஆராய்ந்த மருந்து, போலிப் பொருள், மென்பொருள் விளம்பர மடல்களில் 95 சதவீதத்துக்கு மேல், வெறும் மூன்று வங்கிகள் வழியாகவே வசூலை முடித்திருந்தன! கோடிக்கணக்கான கணினிகளைக் கசக்கிப் பிழிவதைவிட அந்த மூன்று கதவுகளைத் தட்டுவது எளிது.

உழைப்புச் சான்றுக்குப் பதிலாகக் கேட்க வேண்டியது அனுப்புகிறவரின் முகவரிச் சான்று. எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் ஆகிய முறைகள் இந்த மடல் இன்ன டொமைனிலிருந்துதான் வந்தது என்பதை உறுதிசெய்கின்றன. நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் இவற்றைக் கட்டாயமாக்கியது; புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்றும் சொன்னது. யாஹூவும் உடன் சேர்ந்துகொண்டது. பெயரைச் சொல்லி அனுப்பு, பெயர் கெட்டால் வெளியே போ என்ற இந்த விதிதான் சரியான திசை.

பெயர் கேட்டதும் எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் சொல்ல மாட்டோம். நம் நாட்டில் தொலைத்தொடர்பு ஒழுங்காற்று ஆணையமான டிராயின் 2018 விதிமுறையின்படி வணிகக் குறுஞ்செய்தி அனுப்புகிறவர்களும் வாசகங்களும் பதிவு செய்யப்பட வேண்டும் என்றாயிற்று. பதிவுசெய்யாதவர்கள் சாதாரணப் பத்து இலக்க எண்களுக்கு மாறிக்கொண்டார்கள். அப்படிப்பட்டவர்களின் இணைப்புகளைத் துண்டிக்குமாறு 2024 ஆகஸ்டில் டிராய் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது.

உழைப்புச் சான்றுக்கு இடமே இல்லை என்பதும் நம் வாதமன்று. 2023-இல், பயனர்களின் அடையாளத்தை மறைக்கும் டார் வலையமைப்பு தன் மறைவான தளங்களுக்கு இதைச் சேர்த்தது. தாக்குதல் இல்லாதபோது புதிர் இல்லை. கூட்டம் நெருக்கினால் புதிர் கடினமாகும். அங்கே யாரையும் பெயர் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. மின்னஞ்சலின் நிலை வேறு: அனுப்புகிறவரின் முகவரி மடலோடு பிறந்தது.

ஆகவே இந்தப் புதிருக்கு உயிர்கொடுக்கும் முயற்சிகளை விட்டுவிட்டு, இன்று கையில் அதிகாரம் வைத்திருப்பவர்களிடம் கேட்போம். எந்த மடல் உள்ளே வரலாம் என்பதை இரண்டு மூன்று பெரிய நிறுவனங்கள் முடிவு செய்கின்றன. சொந்த சர்வர் வைத்திருக்கும் சிறு நிறுவனத்தின் ஒழுங்கான மடல் ஸ்பேம் பெட்டிக்குள் விழுந்தால், ஏன் என்று கேட்க ஆள் இல்லை. மறுப்புக்கான காரணத்தைத் தெளிவாகச் சொல்லவும், முறையீட்டை மனிதர் ஒருவர் குறித்த கெடுவுக்குள் பரிசீலிக்கவும் அந்த நிறுவனங்களைச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். ஸ்பேம் வியாபாரிகளுக்குக் கார்டு வசதி தரும் வங்கிகளின் கணக்கு வழக்கை ஒழுங்காற்று அமைப்புகள் கேட்க வேண்டும்.