நேரலையா, நேற்றலையா?

வாசலில் கொரியர்காரர் வந்து, மணி அடித்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போயே போய்விட்டார். வீட்டுக்காரர் ஆபீசில் உட்கார்ந்து செல்போனில் பார்க்கிறார்... அப்போதுதான் கொரியர்காரர் கேட்டைத் திறந்து உள்ளே வருகிறார்! இவர் அவசரமாக மைக் பட்டனை அழுத்தி "அண்ணே, பக்கத்து வீட்ல குடுத்துடுங்க" என்கிறார். அந்தக் குரல் யாருமில்லாத திண்ணையில் போய் ஒலிக்கிறது. பூனை ஒன்று மட்டும் திரும்பிப் பார்க்கிறது :-)

சிரிக்கலாம்தான். ஆனால் இதே கேமராவை நம்பி வயதான அம்மாவை ஊரில் தனியாக விட்டுவிட்டு, வெளியூரில் வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கு இது சிரிப்பு இல்லை. திரையில் அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அது இப்போதைய அம்மாவா, பதினைந்து விநாடிக்கு முந்தைய அம்மாவா? இதைவிட மோசம், படம் அப்படியே உறைந்து நிற்க, மூலையில் 'லைவ்' என்ற எழுத்து மட்டும் ஒன்றும் நடக்காதது போல இருப்பது.

இப்படித் திணறும்போது பெரும்பாலானவர்கள் செய்வது இரண்டு காரியம். ஒன்று, கேமரா மட்டம் என்று சொல்லி இன்னும் அதிக மெகாபிக்சல் உள்ளதை வாங்குவது. இரண்டு, இன்டர்நெட் பிளானை 100-லிருந்து 300-க்கு ஏற்றுவது. முதலாவது நோயை முற்ற வைக்கும். இரண்டாவது அநேகமாகக் காசுக்குப் பிடித்த கேடு.

ஏன் என்று பார்ப்போம். 1920-க்கு 1080 என்றால் ஒரு படத்தில் இருபது லட்சத்துக்கும் மேல் புள்ளிகள். விநாடிக்கு 25 படம். சுருக்காமல் அனுப்பினால் விநாடிக்கு 120 கோடி பிட்டுகளைத் தாண்டும். சாதாரண வீட்டு வைஃபை இதைத் தாங்காது. அதனால்தான் கேமராவுக்குள் இருக்கும் சின்னச் சில்லு, 2003-ல் வந்த எச்.264 போன்ற முறைகளில் அதை இரண்டு, நான்கு எம்பிபிஎஸ் அளவுக்குக் கசக்கிப் பிழிகிறது. 4கே கேமரா என்றால் புள்ளிகள் நான்கு மடங்கு. உள்ளங்கை அளவு திரையில் பார்க்க இது எதற்கு?

இந்தச் சுருக்கும் வித்தையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எல்லாப் படத்தையும் முழுதாக அனுப்புவதில்லை. ஒரு முழுப்படம், பிறகு 'முந்தைய படத்திலிருந்து என்ன மாறியது' என்ற குறிப்பு மட்டும், பிறகு மறுபடி ஒரு முழுப்படம். நடுவில் வந்து ஆப்பைத் திறப்பவருக்கு அடுத்த முழுப்படம் வரும்வரை ஒன்றும் தெரியாது. நான்கு விநாடிக்கு ஒருமுறைதான் முழுப்படம் என்று வைத்திருந்தால், நான்கு விநாடி வரை அந்தச் சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். வழியில் ஏதாவது தொலைந்துபோனாலும் இதே கதை. செட்டிங்கில் 'ஐ-ஃபிரேம் இன்டர்வல்' என்று இருப்பது இதுதான். 25 படம் ஓடும் கேமராவில் அதை 25 அல்லது 50 என்று வைத்தால் ஒன்றிரண்டு விநாடியில் படம் வந்துவிடும். இடத்தை மிச்சம் பிடிக்கிற 'ஸ்மார்ட்' முறைகள் சில இந்த இடைவெளியைத்தான் இழுக்கின்றன. மிச்சப்படுத்துவது மெமரி கார்டில், செலவழிவது பார்ப்பவரின் பொறுமை!

சரி, பிளான் விஷயத்துக்கு வருவோம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது டவுன்லோடு வேகம். கேமராவோ அப்லோடு செய்கிற பிராணி. டெலிபோன் கம்பியில் வந்த ஏடிஎஸ்எல் காலத்தில் அப்லோடு 1 எம்பிபிஎஸ் பக்கத்தில்தான் இருந்தது. இப்போது ஃபைபர் பிளான்கள் பலவற்றில் இரண்டு பக்கமும் ஒரே வேகம். ஒரு கேமராவுக்கு நான்கு எம்பிபிஎஸ் போதும் என்கிறபோது, நூறு இருக்கிற வீட்டில் முந்நூறு என்ன செய்துவிடும்? சிம் போட்ட ரூட்டர் வைத்திருப்பவர்கள் நிலைமை வேறு. அங்கே அப்லோடு குறைவு, சாயங்காலம் தெருவே செல்போனில் இருக்கும்போது இன்னும் குறைவு. இன்னொரு திருடனும் உண்டு: வீட்டில் யாராவது கல்யாண போட்டோ முழுவதையும் பேக்கப் போட்டால், ரூட்டர் வாசலில் எல்லாம் வரிசையில் நிற்கும். கேமரா படமும் அந்த ரேஷன் கடை வரிசையில் கடைசி ஆளாக நிற்கும்.

உண்மையான குற்றவாளி அனேகமாக வீட்டுக்குள்தான். ரூட்டர் ஹாலில் டிவிக்குப் பின்னால். கேமரா வாசல் கேட்டுக்கு மேலே. நடுவில் இரண்டு சுவர், ஓர் இரும்பு அலமாரி. மலிவான கேமராக்கள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரிந்தவை. அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. அடுக்குமாடிக் குடியிருப்பில் முப்பது ரூட்டர்கள் அந்த மூன்றுக்கு அடித்துக்கொள்ளும். மைக்ரோவேவ் அடுப்பும் அதே பக்கத்தில்தான் இரைகிறது.

யார் மேல் குற்றம் என்று கண்டுபிடிக்க மெக்கானிக் வேண்டாம். விநாடி முள் உள்ள கடிகாரத்தைக் கேமரா முன்னால் பிடியுங்கள். பக்கத்திலேயே ஆப் திறந்த செல்போன். இரண்டும் ஒரே படத்தில் விழும்படி இன்னொரு செல்போனில் ஒரு கிளிக். இரண்டு முள்ளுக்கும் உள்ள வித்தியாசம்தான் தாமதம். முதலில் வீட்டு வைஃபையில், பிறகு மொபைல் டேட்டாவில். வைஃபையிலேயே இழுத்தால் பெரும்பாலும் கோளாறு வீட்டுக்குள். டேட்டாவில் மட்டும் இழுத்தால் வெளியே. (சில ஆப்கள் வீட்டுக்குள் இருந்தாலும் படத்தை வெளிநாட்டு சர்வர் வரை அனுப்பி, அங்கிருந்து திரும்ப வாங்கும். பக்கத்து அறைக்குப் போக சிங்கப்பூர் வழியாக!)

வீட்டுக்குள் என்றால் மருந்து பழசு: கம்பி. ஒரு லேன் கம்பி நூறு மீட்டர் வரை போகும், அதற்கேற்ற கேமராவாக இருந்தால் கரண்டும் அதிலேயே போகும். சுவரில் ஓட்டை போட மனமில்லாமல் ரூட்டர் மேல் ரூட்டராக வாங்குகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. கம்பி வாங்கும்போது செம்பா என்று கேட்டு வாங்க வேண்டும், முலாம் பூசிய அலுமினியமும் அதே நீல நிறத்தில்தான் வரும். அப்புறம் ஆப்பில் எச்டி, எஸ்டி என்று ஒரு பட்டன். எஸ்டியை அழுத்தினால் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. பல கேமராக்களில் மெமரி கார்டில் பெரிய படம் தன்பாட்டுக்குப் பதிவாகிக்கொண்டிருக்கும், செல்போனுக்குச் சின்ன படம் வரும். திருடன் முகம் வேண்டுமென்றால் கார்டில் எடுத்துக்கொள்ளலாம்.

வெளியே என்றால்தான் ஆபத்து ஆரம்பம். பல வீடுகளுக்குத் தனி முகவரி கிடையாது, ஒரே முகவரியை நிறையப் பேருக்குப் பங்குபோட்டுத்தான் கொடுக்கிறார்கள். நேர்வழி கிடைக்காமல் படம் சர்வரைச் சுற்றி வருகிறது. உடனே யாராவது "போர்ட் ஓப்பன் பண்ணிடு மச்சி" என்பார். அப்படித் திறந்துவைத்து, பெட்டியோடு வந்த பாஸ்வேர்டையும் மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும்தான் 2016-ல் மிராய் என்ற நிரல் வளைத்துப் பிடித்தது. அதன் கையில் இருந்தது அறுபது சொச்சம் பாஸ்வேர்டு ஜோடிகள்தான். அந்த வருடம் அக்டோபர் 21-ஆம் தேதி டின் நிறுவனத்தைத் தாக்கி, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்பட பல தளங்களைப் பல மணி நேரம் தடுமாற வைத்தது. மூன்று விநாடி மிச்சம் பிடிக்க அம்மாவின் ஹாலை ஊருக்கே திறந்துவைக்கலாமா? கூடாது. வீட்டு ரூட்டரில் விபிஎன் போட்டுக்கொள்ளலாம், இல்லையென்றால் அந்த மூன்று விநாடியைச் சகித்துக்கொள்ளலாம்.

கோபம் வர வேண்டியது வேறு இடத்தில். பெட்டியின் மேல் எத்தனை மெகாபிக்சல், இருட்டில் எத்தனை மீட்டர், எத்தனை டிகிரி சுழலும் என்றெல்லாம் போடுகிறார்கள். எத்தனை விநாடி தாமதம் என்று போடுவதைக் காணோம். இந்திய அரசு 2025 ஏப்ரலிலிருந்து சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயமாக்கியது, நல்ல காரியம். கூடவே பெட்டியில் இந்த ஒரு எண்ணையும் கேட்டிருக்கலாம். 'உடனுக்குடன்' என்று விற்கிறவர் உடனுக்கு எத்தனை விநாடி என்று சொல்லட்டுமே.

அதுவரை ஊரில் அம்மா இருக்கும் வீடுகளுக்கு ஒரு சின்ன வேலை. அவருடைய நாற்காலிக்கு மேலே, கேமராவில் படும்படி, பெரிய விநாடி முள் வைத்த சுவர்க் கடிகாரம் ஒன்றை மாட்டலாம். மூலையில் கேமராவே பொறிக்கிற நேரம் செல்போனில் எறும்பு அளவுதான் தெரியும். முள் ஓடினால் படம் ஓடுகிறது. முள் நின்றுவிட்டால் ஆப்பை மூடிவிட்டு அம்மாவுக்கு ஒரு போன் போட்டுவிட வேண்டியதுதான்.