யூனிட் போதும், இனி மின்விசிறி கொடுங்கள்

கைத்தறிக்கு மின்சாரம் தேவையில்லை. கால் மிதிக்கிறது, கை நாடாவை எறிகிறது. குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருக்கும் நெசவாளருக்குத்தான் தேவை: இழையைப் பார்க்க வெளிச்சம், புழுக்கத்துக்குக் காற்று. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறி வீடுகளில் இந்த இரண்டில் ஒன்றுதான் காலத்தோடு மாறியிருக்கிறது.

தறிக்கு மேலே முன்பெல்லாம் 60 வாட் குண்டு பல்பு தொங்கும். வெளிச்சத்தைவிடச் சூடு அதிகம். நாளுக்கு 12 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 43 யூனிட். பிறகு 40 வாட் டியூப்லைட் வந்தது. அதன் சோக் தனியாகப் பத்து வாட்டுக்கு மேல் தின்றது. சி.எஃப்.எல். வந்த வேகத்தில் போனது. இன்றைய 9 வாட் எல்.இ.டி. பல்புக்கு அதே இரண்டு மாதத்தில் ஆறரை யூனிட்தான் செலவு. சிக்கனத்தைப் பற்றி உபதேசம் கேட்டு யாரும் பல்பை மாற்றவில்லை. 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்துக்காக மத்திய அரசு நிறுவனம் மொத்தமாக வாங்கியதில், 2014-இல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை இரண்டே ஆண்டுகளில் 40 ரூபாய்க்கும் கீழே வந்தது. விலை இறங்கியது, ஊரே மாறியது.

மின்விசிறிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பெரும்பாலான வீடுகளில் சுற்றுவது 75 வாட் ஃபேன்தான். இரண்டு மாதத்தில் 54 யூனிட் இழுக்கும். பி.எல்.டி.சி. எனப்படும் பிரஷ் இல்லாத மோட்டார் வகைக்கு 30 வாட் போதும், 22 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். 2023 ஜனவரி முதல் மின்விசிறிகளுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயம்தான். ஆனால் கடையில் நட்சத்திரத்தை எண்ணி வாங்குபவர் எத்தனை பேர்?

அதே 2023-இல் கைத்தறி நெசவாளர்களுக்கான இலவச மின்சாரம் இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டிலிருந்து 300 ஆனது. அதில் ஒரு யூனிட்டைக்கூடக் குறைக்கச் சொல்ல மாட்டோம். ஆனால் பில்லே வராத வீட்டில் ஆயிரக்கணக்கில் கொடுத்துப் புது ஃபேன் வாங்க யாருக்கு மனம் வரும்? மிச்சமாகும் யூனிட்டின் ஆதாயம் மானியம் கட்டும் அரசுக்குத்தான். அப்படியானால் ஃபேன் செலவையும் அரசே ஏற்பதுதான் முறை. 2011-இல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி என்று வீடு வீடாகக் கொடுக்கத் தொடங்கிய மாநிலத்துக்கு இது புதிதல்ல.

விளக்கிலும் ஒரு பாக்கி உண்டு. மலிவு எல்.இ.டி. நிறத்தைப் பொய்யாகக் காட்டும். பட்டு வாங்க வருபவர்கள் சேலையைக் கடை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் விரித்துப் பார்ப்பது சும்மாவா? உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று கோர்வை நெய்பவர் அந்த விளக்கடியில் நாள் முழுக்க உட்கார்கிறார். நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கு சி.ஆர்.ஐ. என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் 90-க்கு மேல் இருக்கும் விளக்கு அவருக்கு வேண்டும். வாட் கூடுவது ஒன்றிரண்டுதான்.

தறிக்கு ஒரு பி.எல்.டி.சி. ஃபேன், ஒரு நல்ல விளக்கு. கைத்தறித் துறை மொத்தமாக வாங்கி, கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகக் கொடுக்கட்டும். சங்கத்தில் சேராமல் தனியார் முதலாளிகளுக்குக் கூலிக்கு நெய்பவர்களும் பட்டியலில் இருக்க வேண்டும். பழைய ஃபேனைக் கையோடு திரும்ப வாங்கிக்கொள்வதும் முக்கியம். இல்லாவிட்டால் அது அடுத்த அறையில் சுற்றிக்கொண்டிருக்கும்.