யாருடைய காயம் கணக்கில் வருகிறது?

அமெரிக்காவின் முன்னாள் படைவீரர்களில் நான்கில் ஒருவருக்கு, அதாவது சுமார் 47 லட்சம் பேருக்கு, ராணுவப் பணியால் வந்த உடல் அல்லது மனப் பாதிப்பு இருந்தது. 2019 ஆகஸ்டில் எடுத்த கணக்கெடுப்பை வைத்து அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளியியல் துறை சொன்ன எண் இது.

ஆனால் அந்தக் கணக்கெடுப்பு வீரரின் காயத்தை நேரடியாக எண்ணவில்லை. அந்தப் பாதிப்பு பணியால் வந்ததுதான் என்று அரசு ஏற்றுக்கொண்டிருந்தால்தான் அவர் இந்தக் கணக்கில் வருவார். முன்னாள் படைவீரர் நலத்துறை 0 முதல் 100 வரை விழுக்காடு போடும். அதைப் பொறுத்தே மாத உதவித்தொகை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவரின் காயம் இந்த எண்ணில் இல்லை.

நிராகரிக்கப்பட்டவர்கள் யார்? அந்தத் தகவலைத் துறை தானாகத் தரவில்லை. கறுப்பின வீரர்களின் அமைப்புகள் தகவல் பெறும் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டு வாங்கின. 2001 முதல் 2020 வரை கறுப்பினத்தவருக்குச் சராசரி நிராகரிப்பு 29.5 விழுக்காடு, வெள்ளையருக்கு 24.2. ஐந்து புள்ளிதானே என்று தோன்றலாம். ஆயிரம் விண்ணப்பத்துக்கு 53 பேர் கூடுதலாக வெறுங்கையோடு திரும்புகிறார்கள், அதுவும் இருபது வருடமாக.

வியட்நாம் போருக்குப் போன கான்லி மங்க் அப்படித் திரும்பியவர்களில் ஒருவர். போர் தந்த மன அதிர்ச்சியோடு வந்தவருக்குப் பல பத்தாண்டுகள் உதவி மறுக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரில் சண்டையிட்ட அவருடைய அப்பாவுக்கும் மறுத்திருக்கிறார்கள். 2022 நவம்பரில் மங்க் அரசு மீது வழக்குத் தொடுத்தார். அவர் கையில் இருந்த ஆயுதம் இந்த நிறவாரிப் புள்ளிவிவரம். அது இல்லையென்றால் 'உங்க கேஸ் மட்டும் அப்படி ஆயிடுச்சு' என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள்.

இந்தியாவுக்கு வருவோம். இங்கே சாதியின் பெயரிலேயே படைப்பிரிவுகள் உண்டு. 1941இல் மகர் படைப்பிரிவு அமைக்கப்பட்டது. 1943இல் உருவான சமார் படைப்பிரிவு 1946இல் கலைக்கப்பட்டது. 2022இல் அக்னிபத் ஆள்சேர்ப்பில் சாதிச் சான்றிதழ் ஏன் என்று கேள்வி எழுந்தபோது, அது எப்போதும் கேட்பதுதான் என்றது ராணுவம்.

சரி, சேர்க்கும்போது கேட்கிற சாதியை ஓய்வூதியத்திலும் பாருங்கள். ஊனமுற்றோர் ஓய்வூதியம் கேட்டவர்களில் எந்தச் சமூகத்தினர் எத்தனை பேர், யாருடைய காயம் 'பணியால் வந்ததல்ல' என்று திருப்பி அனுப்பப்பட்டது, மேல்முறையீட்டுக்கு வழக்கறிஞர் வைக்க முடிந்தவர் யார்? பெயர்கள் வேண்டாம், எண்ணிக்கை போதும். சாதிவாரிக் கணக்கெடுப்பு கேட்கும் தோழர்கள் இந்த எண்களையும் சேர்த்தே கேட்க வேண்டும்.