மேகத்தில் வைத்த பொருள்



"படங்களெல்லாம் கிளவுடில் பத்திரமாக இருக்கின்றன" என்று இளைஞர்கள் சொல்லும்போது, வீட்டுப் பெரியவர்கள் அதன் பொருள் விளங்காமல் வானத்தை அண்ணாந்து பார்ப்பதுண்டு. மேகம் என்பது வெறும் பெயரே. உண்மையில் அது மண்மீது, நான்கு சுவர்களுக்குள், மின்சாரத்தாலும் குளிரூட்டும் பொறிகளாலும் இரவுபகலாகக் காக்கப்படும் பல்லாயிரம் கணினிகளின் தொகுதியாகும். நம் பொருளை அங்கே ஒரு நிறுவனம் தன் பொறுப்பில் வைத்துக் காத்துத் தருகிறது. ஆகவே, ஒரு களஞ்சியத்தில் பொருளை ஒப்படைக்குமுன் நாம் என்னென்ன கேட்போமோ, அவற்றை இங்கும் கேட்டேயாக வேண்டும். கட்டடம் உறுதியானதா? காவல் எத்தகையது? சாவி யார் கையில் இருக்கிறது? இத்திங்கள் இவற்றைச் சற்று ஆராய்வோம்.

இதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் சான்று, அமெரிக்காவின் அமேசான் நிறுவனம் 2006-ஆம் ஆண்டு மார்ச் 14-ஆம் நாள் தொடங்கிய 'எஸ்3' என்னும் சேமிப்புக் களஞ்சியமாகும். இது பெரும்பாலும் நிறுவனங்கள் பயன்படுத்துவது. ஆயினும் இத்துறையின் வளர்ச்சியை அறிவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பதரிது. தொடக்கத்தில் ஒரு ஜிகாபைட் அளவுக்கு மாதம் 15 அமெரிக்க சென்ட் வாடகை. வைப்பது, எடுப்பது, அழிப்பது என்னும் எளிய பணிகளே அன்று அதில் இருந்தன.

கட்டடத்தின் உறுதியைப் பொறுத்தவரை குறைகூற இடமில்லை. இக்களஞ்சியத்தின் பொதுவகைச் சேமிப்பில் வைக்கப்படும் ஒவ்வொரு பொருளும், தனித்தனியே அமைந்த மூன்று நிலையங்களிலேனும் பரவலாகக் காக்கப்படுகிறது. ஒரு கோடிப் பொருள்களை வைத்தால், சராசரியாகப் பதினாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு பொருள் தொலையக்கூடும் என்னும் அளவுக்கு இது வடிவமைக்கப்பட்டுள்ளது என அந்நிறுவனம் கூறுகிறது. இரும்புப் பெட்டியும் கரையான் அரிக்கும் மரப்பேழையும் எங்கே, இது எங்கே!

இத்துணை உறுதியிருந்தும், அடுத்துவந்த ஆண்டுகளில் புதிய காவல்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்க நேர்ந்தது ஏன்? அவற்றை வரிசையாக நோக்கினால் விடை தானே விளங்கும்.

2010-இல், ஒரு கோப்பின் பழைய பிரதிகளைக் காத்துவைக்கும் வசதி வந்தது. புதியதை மேலெழுதினாலும், தவறுதலாக அழித்தாலும் பழைய பிரதி உள்ளே தங்கியிருக்கும். 2015-இல், ஒரு வட்டாரத்தில் வைத்த பொருளின் மறுபடியைத் தொலைவிலுள்ள வேறொரு வட்டாரத்துக்குத் தானாகவே அனுப்பும் முறை வந்தது. 2018 நவம்பரில் இரண்டு காவல்கள் சேர்ந்தன. ஒன்று, உள்ளே இருப்பதை ஊரார் எவரும் பார்க்கும்படி கதவைத் திறந்து போட்டுவிடாதவாறு தடுப்பது. மற்றொன்று, குறித்த காலம் முடியும்வரை ஒரு பொருளை அழிக்கவே இயலாதபடி பூட்டுவது. இதன் கண்டிப்பான வகையில், கணக்கின் உரிமையாளரே முயன்றாலும் அழிக்க முடியாது. 2023 ஜனவரி முதல், புதிதாக உள்ளே செல்லும் ஒவ்வொன்றும் சங்கேதக் குறியாக மாற்றப்பட்டே வைக்கப்படுகிறது. முன்னர் கூறிய கதவுத் தடுப்பும் அதே ஆண்டு ஏப்ரல் முதல், புதிய சேமிப்பிடங்களுக்கு எவரும் கேளாமலே பொருத்தப்படுகிறது.

நேயர்களே, இக்காவல்களுள் பெரும்பாலானவை எதைத் தடுக்கின்றன என்று கவனித்தீர்களா? பொறியின் பழுதையன்று, மனிதக் கையின் பிழையையும், களவையுமே தடுக்கின்றன. அவசரத்தில் அழிக்கும் கை, மறதியில் கதவைத் திறந்துவிடும் கை, பணயம் கேட்டு மிரட்டும் கள்வனின் கை ஆகியவற்றுக்கு எதிராகவே இவ்வேலிகள் எழுந்தன.

இதற்குச் சான்று வேண்டுமா? 2017 பிப்ரவரி 28-ஆம் நாள், அமெரிக்காவின் வடக்கு வர்ஜினியா வட்டாரத்தில் இதே களஞ்சியம் ஏறத்தாழ நான்கு மணிநேரம் முடங்கிற்று. பணியாளர் ஒருவர் சில கணினிகளை மட்டும் நிறுத்தக் கருதிக் கட்டளையைத் தவறாக உள்ளிட்டதால், கருதியதைவிட மிகப் பல கணினிகள் நின்றுபோயின. அதனை நம்பியிருந்த எண்ணற்ற இணைய சேவைகளும் உடன் தடுமாறின. அந்நிறுவனம் அதன் காரணத்தை வெளிப்படையாக அறிவித்ததோடு, ஒரே கட்டளையால் அவ்வளவு கணினிகள் விரைந்து நிற்காதபடி தன் கருவியையும் திருத்திக்கொண்டது.

ஆயினும் எத்துணைப் பெரிய காவலனும் ஒருவனே. அவனை மட்டும் நம்பியிருப்போர் படும்பாட்டைத் தென்கொரியா கண்டது. 2025 செப்டம்பர் 26-ஆம் நாள், டேஜான் நகரிலுள்ள அரசின் கணினி நிலையத்தில் மின்கலங்களில் தீப்பற்றிற்று. அரசு அலுவலர்கள் தம் கோப்புகளை வைத்திருந்த 'ஜி டிரைவ்' எரிந்து போனது. 858 டெராபைட் அளவுள்ள அதற்கு, வேறெங்கும் மறுபடி வைக்கப்படவில்லை. பல்லாண்டு உழைப்பு ஓரிரவில் மறைந்தது.

இதற்கு மாறானதோர் நிகழ்ச்சியும் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்களின் ஓய்வூதியச் சேமிப்பைக் காக்கும் யூனிசூப்பர் நிதியத்தின் கணினி அமைப்பு, 2024 மே மாதத்தில், கூகிளின் கிளவுடிலிருந்து அழிந்துபோனது. தொடக்கத்தில் அமைப்பை நிறுவியபோது நிரப்பாமல் விடப்பட்ட ஒரேயொரு கட்டமே காரணம். உறுப்பினர்கள் ஒரு வாரத்துக்கு மேலாகத் தம் கணக்கைப் பார்க்க இயலாது தவித்தனர். ஆனால் அவர்களுடைய சேமிப்பு விவரங்கள் தொலையவில்லை. ஏனெனில் அந்நிதியம் வேறொரு நிறுவனத்திடமும் ஒரு பிரதியை வைத்திருந்தது. அங்கே ஒரு பிரதி, இங்கே ஒன்றுமில்லை. இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் உள்ள வேறுபாடு அவ்வளவே!

இனி நம் இல்லங்களுக்கு வருவோம். மகளின் திருமணப் படங்கள், பேரக் குழந்தையின் முதல் நடை, மறைந்த தாயின் குரல் ஆகியவை இன்று பெட்டியிலோ ஆல்பத்திலோ இல்லை. தந்தையின் கைப்பேசியிலும், அதனோடு இணைந்த கிளவுடிலுமே இருக்கின்றன. இங்கே ஒரு மயக்கத்தைத் தெளிந்துகொள்வது நலம். கைப்பேசியும் கிளவுடும் ஒன்றையொன்று பார்த்து நடப்பவை. கூகிள் ஃபோட்டோஸில் ஒரு படத்தை அழித்தால் அது ஓரிடத்தில் மட்டுமன்றி, இணைந்துள்ள இரண்டிடத்திலும் அழியும். கிளவுடில் ஏறிய படமாயின் 60 நாட்கள் குப்பைக் கூடையில் கிடக்கும், அதன்பின் மீளாது. ஆகவே இணைந்து நடக்கும் இரண்டு பிரதிகளைத் தனித்தனிக் காப்பு என்று எண்ணுதல் தவறு.

குடும்பத்தலைவர் மறைந்தபின் நேர்வதையும் எண்ணிப் பாருங்கள். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்கை, அதிலுள்ள படங்கள், கடிதங்களோடு கூகிள் அழித்துவிடலாம் என்பது 2023 முதல் உள்ள விதி. தந்தையை இழந்த துயரில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கடவுச்சொல் தெரியாதிருந்தால், அவர் நினைவாகச் சேர்த்தவையும் அவர்பின்னே போய்விடும். இதற்கும் வழி செய்யப்பட்டிருக்கிறது. கணக்கு நெடுநாள் செயலற்றுப்போனால் யாருக்கு அறிவித்து, எவற்றை ஒப்படைக்க வேண்டும் என்று உயிரோடிருக்கும்போதே கூகிளில் குறித்துவைக்கலாம். ஆப்பிள் நிறுவனமும் 2021 டிசம்பர் முதல் இத்தகைய 'மரபுத் தொடர்பாளரை' நியமிக்க இடந்தருகிறது. ஆனால் இவை தாமாகவே நடப்பவையல்ல. நாம் சென்று பெயரைக் குறித்தால் மட்டுமே பயன்தரும்.

எனவே குடும்பத்தார் அனைவரும் கூடியிருக்கும் ஒரு மாலையில் மூன்று காரியங்களைச் செய்து முடியுங்கள். முதலாவது, அருமையான படங்களையும் முக்கிய ஆவணங்களையும் தனியொரு ஹார்டு டிஸ்கில் பிரதியெடுத்து, அது திறக்கிறதா என்று பார்த்து, முடிந்தால் வேறொரு வீட்டில் வையுங்கள். இரண்டாவது, கணக்குக்குக் கடவுச்சொல்லோடு இரண்டாவது பூட்டாகிய இருபடிச் சரிபார்ப்பையும் பொருத்துங்கள். மூன்றாவது, உங்களுக்குப்பின் திறக்க வேண்டியவர் யார் என்பதைக் கணக்கில் குறித்து, அவரிடமும் சொல்லிவையுங்கள்.

களஞ்சியத்தார் தம் பங்கை ஆண்டுக்காண்டு திருத்தமாகச் செய்துவருகின்றனர். அவர்கள் செய்துவைத்த பூட்டுகளுட் பல, சாவி திருப்பப்படாமல் இன்னும் நம் கைக்காகக் காத்திருக்கின்றன.