வில்லியனூருக்கு எட்டாத பாட்டா?

கனவில் மிதப்பது போன்ற இங்கிலீஷ் பாட்டெல்லாம் புதுச்சேரியின் ஒயிட் டவுனுக்கும் ஆரோவில்லுக்கும்தான் சரி, வில்லியனூரிலும் பாகூரிலும் அதைப் பரிந்துரைப்பது வீண் வேலை என்று ஒரு பேச்சு இருக்கிறது. இதைச் சொல்பவர்கள் பாட்டே கேட்காதவர்கள் என்றால் விட்டுவிடலாம். ராஜா பாட்டில் எந்த இடத்தில் வயலின் நுழைகிறது, எந்த இடத்தில் பேஸ் கிதார் தனியே நடக்கிறது என்று சொல்லத் தெரிந்தவர்களே சொல்கிறார்கள். அவ்வளவு நல்ல காது உள்ளவர்கள் இதில் மட்டும் கேட்காமலே தீர்ப்புச் சொல்லலாமா?

ஓர் ஆல்பத்தை முன்னால் வைத்தே பேசுகிறேன். கொல்கத்தாவைச் சேர்ந்த பாரேக் அண்ட் சிங் இரட்டையரின் 'ஓஷன்'. நிஷ்சய் பாரேக் பாடுகிறார், கிதார் வாசிக்கிறார்; ஜீவ்ராஜ் சிங் டிரம்ஸ். பிரிட்டனின் பீஸ்ஃப்ராக் நிறுவனம் 2016இல் இதை உலகமெங்கும் கொண்டுபோனது. பளிச்சென்ற கோட்டுசூட்டில் இருவரும் வரும் வீடியோக்களைச் சிலர் பார்த்திருக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு கேட்க வேண்டிய ஆல்பம் என்பது என் கட்சி.

இங்கிலீஷ் சரியாகத் தெரியாதவர்கள் இதை எப்படி ரசிப்பார்கள் என்பது முதல் ஆட்சேபம். தெலுங்கு தெரியாமல்தான் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்நாட்டில் தியாகராஜரைக் கேட்டு உருகுகிறோம். 1965இல் இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றி எரிந்த மண்ணில், 1969இல் வந்த 'ஆராதனா' சென்னையில் மாதக்கணக்கில் ஓடியது; அதன் பாட்டுகளைப் பொருள் தெரியாமலே முணுமுணுத்தார்கள். வில்லியனூர் திருக்காமீஸ்வரர் தேரோடு வரும் நாதஸ்வரத்தில் சொல்லே கிடையாது. இந்தக் கனவுப் பாணியின் முன்னோடிகளான காக்டோ ட்வின்ஸ் குழுவில் எலிசபெத் ஃப்ரேசர் பாடியதில் பாதி, இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கே புரியவில்லை. ஓசைக்காகவே சொற்களை உடைத்தும் உருட்டியும் பாடினார். அவர்களுடைய 'ஹெவன் ஆர் லாஸ் வேகாஸ்' 1990இல் வந்தது, இன்றும் கொண்டாடுகிறார்கள். 'ஓஷன்' அந்த அளவுக்குப் புதிர் போடுவதில்லை. 'ஐ லவ் யூ பேபி, ஐ லவ் யூ டால்' என்ற பாட்டின் தலைப்புக்கு யாருக்கும் அகராதி வேண்டாம். பாட்டு வரிகள் மட்டும்தான் வேண்டும் என்பவருக்கு இந்த ஆல்பம் மெலிதாகவே படும். அதை ஒப்புக்கொள்கிறேன்.

தூக்கம் வருகிறது, பீட்டே இல்லை என்கிறார்கள். இந்தக் குறையில் பாதி, கேட்கும் கருவியுடையது. இந்தப் பாணியில் ஒரே குரலைப் பலமுறை பதிவு செய்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவார்கள். கிதாரின் ஒவ்வொரு மீட்டலையும் எதிரொலியில் நனைத்து, முந்தைய ஸ்வரம் அடங்கும் முன்பே அடுத்ததைச் சேர்ப்பார்கள். இடக்காதில் ஒன்று, வலக்காதில் ஒன்று எனப் பிரித்து வைப்பார்கள். கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் அந்த அடுக்கெல்லாம் நசுங்கி, கீழ் ஸ்தாயி காணாமல் போய், வெறும் முனகல் மிஞ்சும். ஹெட்போனில் கேட்டால்தான் ஜீவ்ராஜ் எவ்வளவு நுணுக்கமாக, எவ்வளவு அடக்கமாக அடிக்கிறார் என்பது தெரியும். தாளம் இருக்கிறது, நம்மை ஆடச் சொல்லி வற்புறுத்தவில்லை, அவ்வளவுதான். சரி, தூக்கம் வந்தால்தான் என்ன? நீலாம்பரி ராகத்தை வைத்திருக்கிற, தாலாட்டைக் கலையாகவே வளர்த்த மக்கள், கண் சொருக வைப்பதைக் குறை என்று சொல்லக் கூடாது.

இது நம்முடையதல்ல, வெள்ளைக்காரனைப் பார்த்துப் போட்ட காப்பி என்பது அடுத்தது. முத்துசுவாமி தீட்சிதர் இங்கிலீஷ் பேண்டு மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சம்ஸ்கிருத சாகித்யம் எழுதினார். பிரிட்டிஷ் ராஜ வாழ்த்தின் மெட்டில் அமைந்த 'சந்ததம் பாஹிமாம்' அவற்றில் ஒன்று. அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். கிளாரினெட்டை ஏ.கே.சி. நடராஜன் கச்சேரி மேடையில் அமர்த்தினார். இதற்கெல்லாம் யாரும் காப்பி என்று பெயர் வைக்கவில்லை. தமிழ்க் குடும்பத்துப் பெண்ணான உஷா உதூப், 1969இல் சென்னை மவுண்ட் ரோட்டு 'நைன் ஜெம்ஸ்' விடுதியில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு இங்கிலீஷ் பாட்டுப் பாடத் தொடங்கி, பிறகு கொல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டின் 'ட்ரிங்காஸ்' மேடைக்குப் போனார். அதே நகரத்தில் 'ஸ்கின்னி ஆலி' என்ற ராக் குழுவை நடத்திய ஜெயஸ்ரீ சிங், ஞான் சிங் தம்பதியின் மகன்தான் ஜீவ்ராஜ். அவருக்கு இது வீட்டில் கேட்டு வளர்ந்த இசை. பாகூர்க்காரர்கள் இன்னொன்றையும் நினைத்துப் பார்க்கலாம். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, இவ்வூர் வித்தியாஸ்தானம் என்ற கல்விக்கூடத்துக்கு மூன்று ஊர்களைக் கொடையாக விட்டதை வடமொழியிலும் தமிழிலும் சேர்த்தே பொறித்திருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே இரண்டு மொழியில் புழங்கிய ஊருக்கு, இன்று வேற்றுமொழிப் பாட்டு ஒன்று ஒட்டாது என்பது எனக்கு நம்பும்படியாக இல்லை.

இவை மூன்றும் மேலோட்டமானவை. அடியில் கிடக்கும் ஆட்சேபம் வேறு: இது காசுள்ளவர்களின் இசை. இதைக் கேட்டால் ஊரில் 'பெரிய துரை' என்பார்கள், நகரத்தில் 'நாட்டுப்புறம்' என்பார்கள். இந்தத் தயக்கத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒயிட் டவுன் கடற்கரைக்கு வில்லியனூரிலிருந்து பத்து கிலோமீட்டர், பாகூரிலிருந்து இருபது கிலோமீட்டர் இருக்கும். சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்துவரும் இளைஞன் அந்தக் கடற்கரை ஓரத்தில் இங்கிலீஷ் பாட்டை எங்கே கேட்கிறான்? ஒரு காபியின் விலை அவன் அரைநாள் சாப்பாட்டுச் செலவாகிற கஃபேயின் வாசலில், உள்ளே போகாமல் கடந்து நடக்கும்போது. பாட்டோடு சேர்த்து அந்தக் கதவும் மனதில் பதிந்துவிடுகிறது. ஆனால் விலை அந்த இடத்தினுடையது, பாட்டினுடையது அல்ல. அவன் கைபேசியில் ஏற்கெனவே போட்டிருக்கும் டேட்டாவுக்குள் 'ஓஷன்' வந்துவிடும். உனக்கு இதெல்லாம் எதற்கு என்று அவனுக்குச் சொல்லும் நண்பர், அறியாமலே கஃபே வாசலில் இன்னொரு காவலாளியாக நிற்கிறார். அவனுக்கு எது பிடிக்கும் என்று கேட்பதற்கு முன்பே முடிவுகட்டுவது என்ன நியாயம்?

ஆகவே பரிந்துரைக்கிறேன். ராத்திரி வேலையெல்லாம் ஓய்ந்தபின், சாதாரண ஹெட்போனில், 'கோஸ்ட்' பாட்டிலிருந்து தொடங்குங்கள். அடுத்து 'ஃபிலாசஃபைஸ்', 'பாண்டா'. பிறகு முழு ஆல்பத்தையும் வரிசை மாற்றாமல் ஒருமுறை கேளுங்கள். பிடித்தால் இதே இரட்டையர் 2019இல் வெளியிட்ட 'சயின்ஸ் சிட்டி' இருக்கிறது, அதற்கப்புறம் காக்டோ ட்வின்ஸ். பிடிக்கவில்லையென்றால் எந்தப் பாட்டில், எந்த இடத்தில் மனம் விலகியது என்று வந்து சொல்லுங்கள். கேட்டவரோடு அந்தச் சண்டையை ஆசையாகவே போடுவேன்.